முந்திப் போன ஆம்புலன்ஸ்

பதினொன்று நாற்பதுக்கு நடக்கவிருந்த விபத்துக்குப் பதினொன்று இருபதுக்கே ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. 2079-இல் இதெல்லாம் செய்தியே அல்ல. விபத்து நடந்து முடிந்த பிறகு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியதெல்லாம் அந்தக் காலத்து அறியாமை.

நெடுஞ்சாலை விபத்துக் கணிப்பு மையத்தில் செண்பகவல்லிக்கு இது பதினோராவது வருடம். சாலைக்கு அடியில் புதைத்த உணரிகள், எத்தனை வண்டி, என்ன வேகம், நடுவே எவ்வளவு இடைவெளி, எவன் திடீரென்று பிரேக் போடுகிறான் என்று நொடிக்கு நொடி ஒப்பித்துக்கொண்டே இருக்கும். அதை வைத்து ‘முன்னறிவான்’ என்ற இயந்திரம், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு மோதல் என்று சொல்லிவிடும். ஆபத்து அறுபது சதவீதத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் தானாகப் போய், சொன்ன இடத்தில் டக்கென்று நின்று காத்திருக்கும்.

இன்றைக்குத் திண்டிவனத்துக்கு அப்பால், நூற்று முப்பத்தோராவது கிலோமீட்டர். அறுபத்திரண்டு சதவீதம். அவள் கணவர் கதிரேசன் அந்த வழியாகத்தான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். உடனே அழைத்தாள்.

“ஏங்க, எங்க இருக்கீங்க?”

“திண்டிவனம் தாண்டிட்டேன். ரோடு பூரா கூட்டம். நல்லவேளையா ஒரு ஆம்புலன்ஸ் வந்துச்சு. கப்புன்னு பின்னாடி ஒட்டிக்கிட்டேன். முதல் பந்தியிலயே உக்காந்துடுவேன்!”

“கார் தானா ஓட்டுமே, அதுகிட்ட விடுங்களேன்!”

“அதுகிட்ட விட்டா மூணாவது பந்திதான். அப்பளம்கூட மிஞ்சாது. நானே ஓட்டுறேன்.”

“ஐயோ, அது நடுவுல நிக்கப் போகுதுங்க! விலகுங்க!”

“விலகினா பின்னாடி இருக்கறவன் பூந்துடுவானே! இவ்வளவு தூரம் அவனுக்கு இடம் குடுக்காம வந்திருக்கேன். வை போனை.”

திரையைப் பார்த்தாள். ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு பத்தொன்பது வண்டிகள். வேகம் நூற்று நாற்பது, இடைவெளி நான்கு மீட்டர். ஆபத்து எழுபத்து நான்காகி, எண்பத்தெட்டாகியிருந்தது. விபத்தை நோக்கி ஆம்புலன்ஸ் போகவில்லை, விபத்தைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று அவளுக்கு உறைத்தது. மேற்பார்வையாளர் ஞானப்பிரகாசத்திடம் ஓடினாள்.

“சார், ஆம்புலன்ஸத் திருப்பிக் கூப்பிடுங்க. அதனாலதான் ஏறுது. என் வீட்டுக்காரர் அதுக்குப் பின்னாடி போறாரு சார்!”

“என்னம்மா பேசற? எண்பத்தெட்டு காட்டுது. இப்பப் போய் ஆம்புலன்ஸ் வேணாம்னா, மேல என்னைச் சும்மா விடுவாங்களா?” என்ற அந்தப் புண்ணியவான், விதிப்படி இரண்டாவது ஆம்புலன்ஸையும் அனுப்பிவைத்தார். சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் அதற்கும் ஒரு வால் முளைத்துவிட்டது.

பதினொன்று நாற்பது. ஆம்புலன்ஸ் சொன்ன இடத்தில் நின்றது. பத்தொன்பது வண்டிகளும் ஒன்றுக்குள் ஒன்றாக நின்றன. கதிரேசனின் எண்ணுக்கு எத்தனை முறை போட்டும் பதில் இல்லை. செண்பகவல்லி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பக்கத்து அறையில் ஞானப்பிரகாசம் லட்டு விநியோகித்துக்கொண்டிருந்தார். கணிப்பு ஒரு நொடிகூடப் பிசகவில்லை. விபத்துக்கும் உதவிக்கும் நடுவே ஆன நேரம், பூஜ்யம்!

அரை மணி கழித்து போன் அடித்தது.

“ஒரு கால் ரெண்டு இடத்துல முறிஞ்சு போச்சு, வேற ஒண்ணுமில்ல” என்றார் கதிரேசன். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நல்லவேளை செண்பகம், ஆம்புலன்ஸ் பக்கத்துலயே இருந்துச்சு! இல்லன்னா என்ன ஆயிருக்கும்?”

நேரில் இருந்திருந்தால் மற்றக் காலையும் அவளே உடைத்திருப்பாள்.

“ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். விஷயம் கேட்டு உன் தம்பி பந்தியில பாதியில எழுந்து வந்துட்டான். நீ கவலைப்படாத, சமர்த்தா என் ஆம்புலன்ஸ் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வரான்.”

திரையில் ஆஸ்பத்திரிச் சாலை சிவந்தது. அறுபத்திரண்டு சதவீதம். மூன்றாவது ஆம்புலன்ஸ் கிளம்பியது.