சாம்பார் மணக்கும் மாண்டலின்

ஒரு மாண்டலினில் எட்டுக் கம்பிகள். பூதப்பாண்டிக் கல்யாண மண்டபத்தில் நடந்த நாட்டுப்புற இசை முகாமுக்கு இருபது மாண்டலின்கள் வந்திருந்தன. ஆக, நூற்று அறுபது கம்பிகள். இந்தக் கணக்கு பிறகு தேவைப்படும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பு ஜினிஷா, சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே குளித்து, மாண்டலின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழித்துறையில் தன் வீட்டு வாசலில் நின்றாள். பேருந்து ஏழு மணிக்குத்தான். அந்த இரண்டு மணி நேரமும் அவள் உட்காரவில்லை.

முகாமில் இரண்டு ஆசிரியர்கள். மேடை ஹாலில் பத்துப் பேருக்கு சத்தியபாய் டீச்சர். சாப்பாட்டு ஹாலில் பத்துப் பேருக்கு அனில்குமார் சார். ஜினிஷா சாப்பாட்டு ஹால். இரண்டு குழுவும் ஒரே நடவுப் பாட்டைத் தனித்தனியே பழகி, ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பெற்றோர் முன்னால் சேர்ந்து வாசிக்க வேண்டும். மஸ்கட்டில் வேலை செய்யும் ஜினிஷாவின் அப்பா, அதை ஃபோனில் பார்ப்பதற்காகவே அரைநாள் லீவு எடுத்திருந்தார்.

மாண்டலின் கழுத்தில் ஏணிப்படிகள் போலக் குறுக்கே உலோகப் பட்டைகள் இருக்கும். விரலை ஒரு படி தள்ளி வைத்தால் ஒலி அரை ஸ்வரம் உயரும். முதல் நாள் உற்சாகத்தில் ஜினிஷா எல்லா விரல்களையும் ஒரு படி தள்ளியே வைத்து வாசித்தாள்.

“பாட்டு சரிதான் மக்கா,” என்றார் அனில்குமார் சார். “ஆனா ஒரு படி மேல ஏறி நிக்குது.”

சாப்பாட்டு நேரத்துக்குள் இந்தச் செய்தி மேடை ஹால் ரிஜோவுக்குப் போய்விட்டது. அவன் அவளுக்கு ‘மாடிப்படி’ என்று பெயர் வைத்தான். மாலைக்குள் காவலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

ஞாயிறு மூன்று மணிக்கு இருபது பேரும் முதன்முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஒரே சந்துக்குள் எதிரெதிரே இரண்டு ஆட்டோ நுழைந்து ஹாரன் அடித்தது போல இருந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து பக்கத்துத் தெருவுக்குப் போனது.

காரணம் எளிது. சத்தியபாய் டீச்சர் தன் ஃபோனைப் பார்த்துச் சுருதி சேர்த்திருந்தார். அனில்குமார் சார் சாப்பாட்டு ஹாலில் கிடந்த பழைய ஆர்மோனியத்தைக் கேட்டுச் சேர்த்திருந்தார். ஆர்மோனியம் அரை ஸ்வரம் தாழ்ந்திருந்தது.

டீச்சர், சாரின் பிள்ளைகளைச் சுருதி ஏற்றச் சொன்னார். இறக்குவதுதான் சுலபம், டீச்சர் இறக்கலாமே என்றார் சார். இருவரும் மிகுந்த மரியாதையோடு கால் மணி நேரம் பேசினார்கள். யார் மாற்றினாலும் எண்பது கம்பி. சோதனைக்காக ஒன்றை முறுக்கியதில், ஜினிஷாவுக்குப் பக்கத்தில் வாசிக்கும் ஸ்மைலினின் புதுக் கம்பி டப்பென்று அறுந்தது.

“அப்போ சாப்பாட்டு ஹால் பிள்ளைங்க சத்தம் வராம கைய மட்டும் ஆட்டட்டும்,” என்றார் டீச்சர்.

சார் தரையைப் பார்த்தார்.

அப்பா அரைநாள் லீவு எடுத்தது கை ஆட்டுவதைப் பார்க்கவா? அப்போதுதான் ஜினிஷாவுக்கு நேற்றைய தப்பு நினைவுக்கு வந்தது. நாங்கள் அரை ஸ்வரம் கீழே. ஒரு படி மேலே போனால்?

வாசித்துப் பார்த்தாள். விரல் வைத்த இடமெல்லாம் மேடை ஹாலோடு பொருந்தியது. விரல் வைக்காமல் கம்பியை வெறுமனே மீட்டும் இடங்களில் மட்டும் உதைத்தது. முதல் படியில் எட்டுக் கம்பியையும் சேர்த்து ஒரு விரல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வலிக்காத விரல்.

முகாமில் எல்லாருக்கும் ஆளுக்கொரு பென்சில் கொடுத்திருந்தார்கள்.

“ஸ்மைலின், மத்தியானம் சாம்பார் பொட்டலத்துல கட்டுன ரப்பர் பேண்ட் எல்லாம் எங்க?”

“குப்பைத் தொட்டில. எதுக்குட்டி?”

“வா, பொறுக்கணும்.”

முதல் படிமேல் பென்சிலைக் குறுக்கே வைத்து, ரப்பர் பேண்டால் கழுத்தோடு இறுக்கிக் கட்டினாள். பிறகு ரிஜோவிடம் போய், அவன் கம்பியை ஒருமுறை மீட்டச் சொன்னாள். அவன் மீட்டினான். அவளும் மீட்டினாள். ஒரே ஒலி.

“யாரும் ஏறாண்டாம், யாரும் இறங்காண்டாம் சார்,” என்றாள். “பென்சில் மட்டும் போதும்.”

சாரும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் குனிந்து ரப்பர் பேண்ட் பொறுக்க ஆரம்பித்தார்கள். ஸ்மைலினின் அறுந்த கம்பிக்கு டீச்சர் தன் பையிலிருந்தே புதுக் கம்பி எடுத்துக் கொடுத்தார்.

நான்கு மணி. இருபது மாண்டலின்கள் ஒன்றாக நடவுப் பாட்டில் இறங்கின. பத்து மட்டும் லேசாக சாம்பார் மணத்தன. முன்வரிசையில் அம்மாக்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். ஃபோனுக்குள் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கூட்டம் கேட்டது.

இதற்குள் ரிஜோவுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. அவனுடைய மாண்டலின் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவனும் ஒரு பென்சிலைக் கட்டிக்கொண்டான். முதல் மீட்டலிலேயே பத்தொன்பது பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

“ஏட்டி மாடிப்படி,” என்றான் மெதுவாக. “என்னக் கொஞ்சம் கீழ இறக்கி விடு.”

ஜினிஷா பென்சிலை உருவி, அவனை இறக்கி விட்டாள்.