தனிப் பாத்திரம்

கணவரின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் மெஷினின் பொத்தானை அழுத்தியவள், எண் வரும்வரை மூச்சு விடவில்லை. நூற்று எழுபத்திரண்டு. நேற்றுக் காலை நூற்று அறுபத்தெட்டு.

"இறங்குதா?" என்றார் அவர்.

"இறங்கும்."

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பன்னிரண்டு மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்குவார். அங்கே தலை சுற்றினால் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. பெட்டிக்குக் கீழே ஆட்கள் நிற்பார்கள்.

இருபது வருடமாக ராத்திரிச் சாப்பாடு என்றால் அவருக்கு வழியில் வாங்கிவரும் பொரித்த கோழிதான். இரண்டு மாதத்துக்கு முன் டாக்டர் மாத்திரை எழுதினார். உப்பை நிறுத்தாவிட்டால் மாத்திரையும் கேட்காது, மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் என்றார். அன்றிலிருந்து அவருக்கு மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்தில் சமையல். வேகவைத்த காய், பருப்பு, மிளகு, எலுமிச்சை. உப்பு ஒரு கல்கூடக் கிடையாது. முதல் வாரம் கசாயம் குடிப்பவர் போல விழுங்கினார். பிறகு பழகிக்கொண்டார். எண்ணும் படிப்படியாக இறங்கியது.

பதினைந்து நாளாக ஏறுகிறது. மாமியார் தன் மகள் வீட்டிலிருந்து இங்கே வந்தும் பதினைந்து நாள். இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை.

மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். அவருடைய அப்பா இதே பிரஷரில், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டின் மேலேயே சாய்ந்து போனவர். அம்மா தாங்கமாட்டாள் என்றார். கம்பெனிக்கும் சொல்லவில்லை. தொப்பையைக் குறைக்கிறார் என்று வீட்டில் சொல்லிவைத்தார்கள். பேச்செல்லாம் அவளுக்கு விழுந்தது. ஆஸ்பத்திரி வார்டில்கூட இதைவிட ருசியாகப் போடுவார்கள் என்பார் மாமியார். புருஷனைப் பட்டினி போட்டு அழகு பார்க்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மகளிடம் போனில் சொல்வார், இவள் காதில் விழும்படி.

ஒரே ஆறுதல், அவர் இப்போதெல்லாம் தட்டை வழித்துச் சாப்பிட்டார். உப்பில்லாமலே உன் கைக்கு ருசி வந்துவிட்டது என்றார். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனவள், கூடையை மறந்து பாதிப் படியில் திரும்பினாள். அடுப்பருகே மாமியார் சின்னப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து உப்பைத் தூவிக்கொண்டிருந்தார். கிளறி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, இன்னொரு சிட்டிகை போட்டார். பசித்த குழந்தைக்கு ஊட்டுகிற முகம்.

பதினைந்து வேளை. அவர் தட்டை வழித்த பதினைந்து வேளை.

பாத்திரத்தை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"என் புள்ளை வாயில போறதையா கொட்டுற?" மாமியாரின் குரல் உடைந்தது. "எம்மேல கோவம்னா என்னை ரெண்டு அடி அடிச்சிருக்கலாமே..."

அந்த நேரம் பார்த்து அவர் வேலை முடிந்து உள்ளே வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் பெற்றவள் உயிரோடு செத்துப்போவாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உப்பு போட்டுட்டேங்க. பழக்கதோஷம். ரெண்டு வாரமாவே போட்டிருக்கேன் போல. நான்தான்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்குக் கிரேன் மேல எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. பெட்டி அந்தரத்துல நிக்குது. கீழ நாலு பேரு. அரை நிமிஷம் ஒண்ணுமே தெரியல. உனக்கு விளையாட்டா இருக்கா? அப்பா போன மாதிரி நானும் போகணுமா?"



மாமியாரின் அழுகை நின்றது. மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பாவுக்கு இருந்ததா உனக்கு?"

அவர் தலையை ஆட்டினார். மாமியார் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார்.

"அவ போடலடா. நான் போட்டேன். வந்த நாள்லேருந்து ஒருநாள் விடாம நான்தான் போட்டேன்." பிறகு மருமகளைப் பார்த்தார். "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நான்தான் சொல்லவேணாம்னேன்," என்றார் அவர் மெதுவாக.

மாமியார் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். இத்தனை பேச்சுக்கும் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாயா என்று கேட்டுக் கேட்டு அழுதார்.

புதிதாகக் காய் நறுக்கினார்கள். இந்த முறை பெரிய பாத்திரம். மூன்று தட்டிலும் அதே சாப்பாடு. மாமியார் ஒரு வாய் மென்று, கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"நல்லாவே இல்ல," என்றார். "என் தட்டுல இன்னும் கொஞ்சம் வை."

கணவரின் கை தட்டுக்கும் வாய்க்கும் போய்வருவதையே பெண்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் கை நின்றது. இருவரும் பதறி எழுந்தார்கள். அவர் போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் மேல ஏறலைங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஆமாங்க, பிரஷர்... ரெண்டு மாசமா." வீட்டுக்கும் தெரியாமல் மறைத்தாயா என்று அந்தப் பக்கம் கேட்டது. "இல்லைங்க. வீட்ல எல்லாருக்கும் தெரியும்."