பட்டறையின் மூக்கு

மதியம் ஒன்றரை மணிக்குச் செத்துக் கிடந்தவனை, மூன்று மணிக்குள் எல்லோருமாகச் சேர்ந்து குற்றவாளியாக்கி முடித்திருந்தார்கள்.

மின்சாரக் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை அது. அதன் கோடியில் பேட்டரி சோதிக்கும் சின்ன அறை. விபத்தில் நசுங்கிய காரிலிருந்து கழற்றிய பேட்டரியைக் கவனித்துக்கொண்டிருந்த மெக்கானிக், அதன் பக்கத்திலேயே விழுந்து கிடந்தான். உப்பிய பேட்டரியைத் தீயணைப்புக்காரர்கள் வெளியே மணல் தொட்டிக்கு இழுத்துப் போய்விட்டார்கள். அவனை மட்டும் வாசலோரம் வெள்ளைத் துணிக்கு அடியில் கிடத்தியிருந்தார்கள். மூச்சில் கலந்த வாயு முதலில் மயக்கியிருக்கிறது, பிறகுதான் கொன்றிருக்கிறது என்றார் டாக்டர்.

"சுத்த அலட்சியம் மேடம்," என்றார் முதலாளி. "மாஸ்க் பாருங்க, ஆணியிலயே தொங்குது. அலாரம் அந்தக் கத்து கத்துது, வெளிய வரணும்ல? இதுக்கு மேல நாங்க என்ன பண்றது?"

இன்ஸ்பெக்டர் வெள்ளைத் துணியின் பக்கம் திரும்பினார். பிணத்தின் மேல் பழி போடுவது சுலபம், அது எதிர்த்துப் பேசாது என்பது இருபது வருட வேலையில் அந்த அம்மாள் கற்ற பாடம்.

துணியின் காலடியில் இறந்தவனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்துகொண்டிருந்தது. "மாஸ்க்கை மாட்டினா கௌரவம் குறைஞ்சிடுமா உங்களுக்கு? அலாரம் கத்துறது கூடவா காதுல விழல? என்னையும் புள்ளையையும் ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?" என்று துணியிடமே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும், தூணோரம் குந்தியிருந்த ஒருவனின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. இறந்தவனின் அண்ணன். அதே பட்டறையில் பெயின்டர். நகக்கண்ணில் நீலம், வலது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு.

இன்ஸ்பெக்டர் அவனிடம் போனார்.

"முதல்ல பார்த்தது நீங்களா?"

"ஆமாங்க."

"எப்படி?"

"எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். தம்பி வரல. பேட்டரி உப்பிக்கிட்டே போகுது, பார்த்துட்டு வர்றேன், நீ சாப்பிடுண்ணேன்னான். அப்புறம் அலாரம் அடிச்சுது. கையைக்கூடக் கழுவாம ஓடினேன்."

"கதவு?"

"சாத்தியிருந்தது. சாத்தித்தான் வைக்கணும். வாயு பட்டறைக்குள்ள வரக்கூடாது."

"மாஸ்க்கை எப்போ மாட்டணும்?"

"அலாரம் அடிச்சதும். மாட்டிக்கிட்டு வெளிய ஓடி வரணும். இங்க அதான் முறை."

கணக்குப் பார்க்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "பெயின்டர் அண்ணன் பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடினாரு. என்னண்ணேன்னு கேட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல. 'தம்பீ'ன்னு ஒரு அலறல். நாங்க பதறி எழுந்திரிக்கிறோம், அலாரம் அடிக்குது, ஃபேன் சுத்துது... எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"செத்தவர் எப்படி? கவனக்குறைவான ஆளா?"

"அவரா? வெளிய பச்சை லைட் எரியுதான்னு பார்க்காம அந்த ரூம்ல காலை வைக்க மாட்டாரு மேடம். பேட்டரி வாயு கசிஞ்சா அழுகின பழம் மாதிரி ஒரு இனிப்பு வாசம் வரும்னு எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததே அவருதான். இன்னைக்குன்னு பார்த்து ஜலதோஷம். காலையிலேருந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருந்தாரு."

இன்ஸ்பெக்டர் அறைக்குள் போனார். காற்று இப்போது சுத்தமாக இருந்தது. உள்ளே நுழைந்து, நின்று, திரும்பிப் பார்த்தார். கதவுக்கு மேலே, நுழைபவர் முதுகுக்குப் பின்னால், வெள்ளைப் பெட்டி ஒன்று.

"அதை மூக்குன்னு சொல்வோம்," என்றார் கூடவே வந்த முதலாளி. "வாயு பட்டா அலாரத்தையும் ஃபேனையும் அதுவே போட்டுடும்."

பெட்டியைச் சுற்றிச் சுவரெல்லாம் மிக மெல்லிய நீலத் தூற்றல். பெட்டியில் மட்டும் ஒரு பொட்டு நீலம் இல்லை. அதன் ஓரத்தில் எண்ணெய் பட்ட விரல் தடம். கீழே ஒரு ஆணி, அதில் கொத்தாக ரப்பர் பேண்டுகள்.

"இங்க பெயின்ட் அடிப்பீங்களா?"

"பெயின்ட் ரூம்ல ஃபில்டர் மாத்துறாங்க. தூசி இல்லாத ரூம்னு நேத்து சாயங்காலம் ஒரு பம்பர் மட்டும்..."

"நீல பம்பர்."

முதலாளி தலையாட்டினார்.

"பேட்டரி ரூம்ல ரப்பர் பேண்டுக்கு என்ன வேலை?"

"பசங்க ஏதாவது மாட்டியிருப்பாங்க," என்றவரின் பார்வை தரைக்குப் போனது.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து பெயின்டரின் முன்னால், அவனைப் போலவே குந்தி உட்கார்ந்தார்.

"அலாரம் கேட்டு ஓடினேன்னு சொன்னீங்க. உங்க அலறலுக்கு அப்புறம்தான் அலாரமே அடிச்சிருக்கு. அப்போ எதுக்கு ஓடினீங்க?"

அவன் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது.

"பெயின்ட் வாசத்துக்கும் அந்த மூக்கு கத்தும். அதனால பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் அது மேல ஒரு கவரைப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டிடுவீங்க. நேத்தும் மாட்டினீங்க. சுவர் முழுக்க நீலம், பெட்டி மட்டும் வெள்ளை. கழற்ற மறந்துட்டீங்க. வெளிய இருக்கிற பச்சை லைட்டுக்கு அது தெரியாது, கரண்ட் இருந்தா எரியும். உங்க தம்பி அதைப் பார்த்துட்டுத்தான் உள்ள போயிருக்காரு. அவர் மூக்கும் அடைச்சிருந்தது, சுவர்ல இருந்த மூக்கும் அடைச்சிருந்தது. அடிக்காத அலாரத்துக்கு எப்படி மாஸ்க் மாட்டுவாரு? நீங்க கழுவாத கையால கவரை உருவின அப்புறம்தான் அது கத்தியிருக்கு. கவர் எங்க?"

பெயின்டர் சட்டைப் பையில் கைவிட்டான். கசங்கிய பிளாஸ்டிக் கவர் வந்தது. அதன் வெளிப்பக்கம் முழுக்க நீலம்.

"அடுத்த வாய் வைக்கப் போனப்பதான் ஞாபகம் வந்துச்சு," என்றான். "அவன் தினமும் சொல்வான், கவரைக் கழட்டினியாண்ணே, கழட்டினியாண்ணேன்னு. சளி பிடிச்சதுல இன்னைக்குக் கேட்கல."

"ஏன் மறைச்சீங்க?"

"ஜெயிலுக்குப் பயந்து இல்லீங்க. வீட்ல அம்மா இருக்கா. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ முன்னால போய் நிப்பேன்?" வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "அப்போ அண்ணன்தான்..."

"அவசரப்படாதீங்க," என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். "ரப்பர் பேண்டு மாட்டவே ஒரு ஆணி அடிச்சிருக்கு. தினமும் அந்த ரூமுக்குள்ள வந்து போற நீங்க அதைப் பார்க்கலையா? வண்டியில உங்களுக்கும் இடம் இருக்கு."

முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் வண்டியை நோக்கி நடந்தார்.

துணியின் காலடியிலிருந்து அவள் எழுந்து வந்தாள். கணவனின் அண்ணனை எப்போதும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவன் தன் கன்னத்தைக் காட்டிக்கொண்டு, "அடிம்மா," என்றான். அவள் அடிக்கவில்லை.

"மறந்துட்டீங்க மாமா. மறதி யாருக்குத்தான் இல்ல? இவரைக் கைப்புள்ளையில தூக்கி வளர்த்தவரு நீங்க, வேணும்னு செய்வீங்களா?" குரல் அங்கேதான் உடைந்தது. "ஆனா நான் பக்கத்துல உட்கார்ந்து அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேனே. மாஸ்க் மாட்டல, மாட்டலன்னு வாய் ஓயாம திட்டினேனே. நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் திட்டினதெல்லாம் தப்புன்னு இனிமே யார்கிட்டப் போய் சொல்வேன்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அவள் திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள். துணியின் ஓரத்தை விலக்கி அவன் காதருகே குனிந்தாள். "நீங்க சரியாத்தாங்க இருந்தீங்க," என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.