பொடியன் தின்ற முட்டை

கட்டிலுக்கடியில் பந்தைத் தேடிய சுண்டுவின் கையில் முட்டை ஓடு அகப்பட்டது.

அந்த வீட்டில் முட்டையே வாங்குவதில்லை.

“அம்மா! பொடியன் முட்டை தின்னுட்டான்போல!”

அம்மா ஓடிவந்தாள். சுண்டுவின் மூன்று வயதுத் தம்பி பொடியன் சப்புக்கொட்டிச் சிரித்தான். “மைக்கு குடுத்தான்.”

பொடியனுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. முட்டை, பால், பருப்பு இவற்றிலுள்ள புரதத்தை நம் உடல் அமினோ அமிலங்கள் என்னும் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும். அவற்றைக் கோத்துத்தான் தசையும் முடியும் நகமும் வளர்கின்றன. மிஞ்சியதை உடலே செலவழித்துவிடும். பொடியனின் உடலுக்கு அதில் ஒரே ஒரு வகைத் துண்டைச் செலவழிக்கத் தெரியாது. அது இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போனால் மூளையைக் கெடுத்துவிடும். அதனால் அவனுக்கு எல்லாமே அளவுச் சாப்பாடு.

அம்மா உடனே மருத்துவருக்குப் போன் செய்தாள்.

“எவ்வளவு சாப்பிட்டான்? அது தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். கேட்டுச் சொல்லுங்க, லைன்லயே இருக்கேன்,” என்றார் அவர்.

மைக்கு அடுத்த வீட்டுப் பையன். ஒன்றாம் வகுப்பு. அவன் பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும். இப்போதோ மேசைக்கடியில் சுருண்டு கிடந்தான்.

“எவ்வளவுடா குடுத்தே? வாயைத் திறயேன்!” அம்மா கத்தினாள்.

அவன் இன்னும் உள்ளே நகர்ந்தான்.

“நீ கத்தக் கத்த அவன் உள்ளே உள்ளே போறாம்மா. நான் கேக்கறேன்.”

சமையலறையிலிருந்து வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு சுண்டு மேசைக்கடியில் தவழ்ந்தாள்.

“உன்மேல கோவமே இல்லடா. எதுக்குக் குடுத்தே?”

“முட்டை தின்னா பலம் வரும்னு டீச்சர் சொன்னாங்க. இவன் குச்சி மாதிரி இருக்கான். அதான் என் முட்டையைக் கொண்டுவந்தேன்.”

சுண்டு உள்ளங்கையை விரித்தாள்.

“இதுதான் பொடியன் வாய். இந்தக் கிழங்குதான் முட்டை. எப்படி ஊட்டினியோ, அப்படியே செஞ்சு காட்டு.”

மைக்கு கிழங்கைக் கிள்ளி அவள் கையில் வைத்தான். இன்னொரு துண்டும் வைத்தான். அடுத்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

“டேய், அது?”

“எனக்கும் பசிச்சுதே! மஞ்சக்கருவை அவன் துப்பிட்டான். மிச்சமெல்லாம் நானே தின்னுட்டேன்.”

“நெஜமா?”

“நெஜமாக்கா.”

சுண்டு வெளியே பாய்ந்து வந்து கையை நீட்டினாள். “அம்மா, இவ்வளவுதான்! கால் முட்டைகூட இல்ல. வெள்ளைக்கரு மட்டும்!”

அம்மா அதைப் போனில் சொன்னாள். சுண்டு போனருகே காதை வைத்துக்கொண்டாள்.

“சமாளிச்சுடலாம்,” என்றார் மருத்துவர். “இன்னைக்கு அந்த அமினோ அமிலம் இல்லாத அவனோட தனிப் பால்மாவும் பழமும் மட்டும் குடுங்க. காலையில ரத்தம் பார்த்துடுவோம்.”

அம்மா போனை வைத்துவிட்டுப் பொடியனை மடியில் இருத்திக்கொண்டாள்.

மைக்கு மெல்ல வெளியே வந்தான். “அக்கா, அப்ப நான் இவனுக்கு எதுவுமே குடுக்கக் கூடாதா?”

“எங்களைக் கேட்டுட்டுக் குடு,” என்ற சுண்டு, ஓர் ஆப்பிளை நறுக்கி அவனிடம் நீட்டினாள்.

மைக்கு ஒரு துண்டைப் பொடியனின் வாயருகே கொண்டுபோனான். சட்டென்று நிறுத்தினான். “அத்தை, இது ஆப்பிள்தானே?”

“ஆப்பிளேதாண்டா,” என்று அம்மா சிரித்துவிட்டாள்.

அதற்குள் பொறுமையிழந்த பொடியன், ஆப்பிளோடு அவன் விரலையும் சேர்த்துக் கடித்தான். மைக்கு கையை உதறிக்கொண்டே அடுத்த துண்டை எடுத்தான்.