சூசாவிலிருந்து வந்த தாகம்

ஊற்றிய தண்ணீர் கீழே விழும் சத்தம் கேட்கவில்லை.

கிசிர் ஜாடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நிலா மறையும் மாதக் கடைசி நாளில், பின்னறைத் தரையில் பதித்த மண்குழாய் வழியாக, வீட்டுக்கடியில் கல்லறையில் கிடக்கும் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றுவதை அசூர் நகரத்தில் எந்த மகனும் தவறவிடுவதில்லை. ஊற்றி இரண்டு மூச்சு விடுவதற்குள் கீழே கல்லில் சளசளவென்று விழும். பத்து வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம் அது. இன்று வழியிலேயே யாரோ குடித்துவிட்டது போல் அமைதியாக இருந்தது. இன்னொரு ஜாடி ஊற்றினான். அதுவும் போன இடம் தெரியவில்லை.

"என்னங்க, மூணாவது ஜாடிக்குப் போறீங்க போல?" அடுத்த அறையிலிருந்து அவன் மனைவி தம்காயா கேட்டாள். "உங்கப்பா உயிரோட இருந்தப்பவே ஒரு ஜாடியோட எந்திரிச்ச ஆளில்ல."

சிரிக்கத்தான் பார்த்தாள், பாவம். அவள் மடியில் நான்கு வயது மகள் பானீத்து கிடந்தாள். ஐந்து நாளாகக் குழந்தைக்குத் தாகம். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. குடம் குடமாகக் குடித்தும் உதடு வெடித்து, நாக்கு மாவு பிசைந்த கையாய் வெளுத்துப் போயிருந்தது. மந்திரிக்க வந்தவன் ஒருமுறை பார்த்துவிட்டுக் கூலிகூட வாங்காமல் கிளம்பிவிட்டான். கிசிர் போரிலிருந்து வீடு திரும்பி ஆறு நாள்தான் ஆகிறது.

ஏலாம் நாட்டை அடித்து நொறுக்கிய அசூர்ப் படையில் அவன் இருந்தான். மதிலை இடித்தால் மறுபடி கட்டிவிடுவார்கள். மக்களைப் பிடித்து வேற்றூரில் குடிவைத்தால் அங்கேயும் பிள்ளை பெற்றுப் பெருகுவார்கள். செத்தவர்களையே பட்டினி போட்டால்தான் ஒரு நாடு எழுந்திருக்காது என்பது மேலிடத்துத் தீர்மானம். ஏலாமின் தலைநகர் சூசாவில் மன்னர்களின் கல்லறைகளை உடைத்து, எலும்புகளைச் சாக்கில் அள்ளி, அசூருக்குக் கொண்டுவரக் கழுதைகளில் ஏற்றினார்கள். அதில் ஆறு சாக்கு கிசிரின் பொறுப்பு.

"டேய் கிசிர், இவனுங்களுக்கு இனிமே யாருடா தண்ணி ஊத்துவா?" என்று கூட வந்த ஒரு வில்லாளி கேட்டான்.

"உன் மாமியார அனுப்பு. அவ மூஞ்சியப் பாத்தா தாகமே மறந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் கிசிர்தான்.

வழியிலேயே போன மாதக் கடைசி வந்தது. குழாய் இல்லை, கல்லறை இல்லை. ஆனாலும் மனசு கேட்காமல், ஆற்றங்கரை மணலில் குழி பறித்து, அப்பாவின் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினான். பக்கத்தில் இறக்கி வைத்திருந்த சாக்குகளின் அடியில் அது ஓடி ஊறியது. எலும்பு நனைந்தால் பாரம் கூடுமே என்று மட்டும் அன்று நினைத்தான்.

இப்போதுதான் அது ஞாபகம் வந்தது. நாதியற்றுத் தாகத்தில் கிடந்த அத்தனை பேருக்கும் இந்த உலகத்தில் ஒரே ஒருவன் தண்ணீர் கொடுத்திருக்கிறான். அவனை விடுவார்களா?

மூன்றாவது ஜாடியும் சத்தமில்லாமல் போனது, நான்காவதை ஊற்றினான். அடுத்த அறையில் குழந்தையின் முனகல் நின்றது.

"புள்ள கண்ணத் தொறந்துட்டா," என்றாள் தம்காயா. "என்ன பண்றீங்களோ, அதையே பண்ணுங்க. நிறுத்தாதீங்க."

முற்றத்துக் கிணற்றுக்கும் பின்னறைக்குமாக ஓடினான். ஊற்றும்போது குழந்தையின் மூச்சு சீராக வந்தது, ஜாடி காலியானதும் தொண்டை வறண்டு கதறினாள். வெயில் சுவரேறி மங்கியது. குழாயிலிருந்து ஈரச் சாக்கும் கழுதை வியர்வையும் கலந்த வாடை எழுந்தது. அதற்கும் கீழே, நெரிசலில் ஒன்றோடொன்று இடித்து நிற்கும் உடம்புகளின் உரசல்.

"கிசிர்."

அப்பாவின் குரல். செத்துப் பத்து வருடமான அப்பா.

"எங்களுக்கு ஒரு சொட்டு வரலடா. இங்க நிக்கக்கூட எடமில்ல."

ஓடினான். வாளியை இறக்கினான். சேறு வந்தது. மறுபடி இறக்கினான். கல்லில் மோதியது.

காலி ஜாடியோடு குழாயருகே மண்டியிட்டு உள்ளே குனிந்தான். "கொஞ்சம் பொறுங்க. ஆத்துக்குப் போயி கொண்டாறேன். எவ்வளவு வேணும்னாலும் ஊத்தறேன். என் புள்ளைய மட்டும் விட்டுடுங்க."

உரசல் நின்றது. கேட்டுக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தான். நிம்மதியாக இருந்தது.

"ஏங்க." தம்காயா கத்தவில்லை. "இங்க வாங்க. புள்ள மூச்சு விடல."

எழுந்தான். ஓரடி வைத்தான்.

"அப்பா, தண்ணி."

பானீத்துவின் குரல். காலுக்குக் கீழே இருந்து.

அடுத்த அறையில் தம்காயா அழத் தொடங்கினாள். குழாய்க்குள் வேறொரு குரல், ஒரு கிழவனின் கனத்த குரல், தெரியாத பாஷையைப் பழகுவது போல் நாக்குப் புரளாமல் சொல்லிப் பார்த்தது.

"அப்பா."

இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாம்.

குழாயின் விளிம்பை நான்கு சின்ன விரல்கள் வந்து பற்றின. அவற்றின் மேல் பெரிய விரல்கள் பற்றின.