ஒரு சத்தமும் கசியாத ஹெட்போன்

அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புது ஹெட்போன். காதில் வைத்ததும் மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ வெகுநேரம் மாட்டியிருந்து இந்த நிமிஷம்தான் கழற்றியதுபோலக் கொஞ்சம் ஈரமும். அறிவுமதி கணவனிடம் சொன்னாள். அறந்தாங்கி வெயிலில் பெட்டியே வேகிறது, மெத்தை வேகாதா என்று ஆத்மநாதன் சிரித்தான்.

ஷார்ஜாவில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். வீட்டில் பாட்டுக் கேட்பவர்கள் எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று இப்போது யூடியூபில் சொல்கிறான். சொல்வது அவன் வாய், கேட்பது அவள் காது. காதை முழுக்க மூடுகிற ரகம். வெளிச்சத்தம் உள்ளே வராது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் அவள் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். தவில் அதிர்கிறதா, பாடுகிறவளின் மூச்சு தெரிகிறதா, மெத்தை காதை அழுத்துகிறதா என்று பிறகு சொல்ல வேண்டும். "ஒன் காது மாதிரி யாருக்கு வரும், அறிவு" என்பான். ஏழு வருஷம் புருஷனைப் போனில் மட்டுமே கேட்டவளுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே உச்சி குளிர்ந்துவிடும்.

அன்று அவனுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவளாகவே ஒன்று செய்தாள். ஹெட்போனிலிருந்து பாட்டு வெளியே எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது இன்னும் பாக்கி. கேட்க உட்காரும்முன் அவள் போனை அடுப்படியில் வைத்துவிட்டு வரச் சொல்வது அவன் வழக்கம். அவளோ அதில் ரெக்கார்டிங்கைப் போட்டு, பக்கத்து அலமாரியில் மடித்த துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு அவன் கடைவீதிக்குக் கிளம்பினான். பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. பதிவு துல்லியமாகக் கேட்கட்டும் என்று அவள் அதே ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பாட்டு ஒரு துளியும் கசியவில்லை. நல்ல ஹெட்போன்தான். மின்விசிறியின் கிறீச்சும், தெருவில் மினி பஸ்ஸின் ஹாரனும், அப்புறம் கொல்லைக் கதவு மெல்லத் திறப்பதும், ஈரக்காலோடு ஏதோ ஒன்று சிமென்ட் தரையில் ஒட்டி ஒட்டி நடந்துவந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதும் வரிசையாகக் கேட்டன.

"அவளுக்குக் கேக்காது" என்றது ஆத்மநாதனின் குரல். "இங்கிட்டு வா. சொல்லு."

"ஏங்க, சோறு போடவா?"

அறிவுமதியின் குரல். அவள் குரலேதான். அந்த ஒரு மணி நேரமும் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"'ஏங்க'ன்னு இம்புட்டு இழுக்க மாட்டா. மறுபடி."

மறுபடி. மறுபடி. ஹெட்போனுக்கு மார்க் போடுகிற அதே பொறுமையோடு அவன் திருத்திக்கொண்டே இருந்தான்.

பயத்துக்கு முன்னால் அவளுக்கு அழுகைதான் வந்தது. காதைப் புகழ்ந்ததெல்லாம் காதை அடைக்கத்தான். இவனுக்காகவா ஏழு வருஷம் காத்திருந்தாள்? வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அதுவும் பயிரை உட்காரவைத்துப் பாட்டுப் போட்டுவிட்டு.

"இன்னிக்குச் சரியா வந்துருச்சுங்களா?" என்று பதிவில் அவள் குரல் கேட்டது.

"வந்துருச்சு. இனி இவ வேண்டாம்."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வாசலில் ஆத்மநாதன் நின்றிருந்தான். எப்போது திரும்பினான்? கேட்கவில்லை. எழுந்தாள். நாற்காலி சரிந்தது.

"என்ன அறிவு, சத்தம்?" அடுத்த வீட்டுச் சந்தனமேரி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

அக்கா என்று கத்த வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான் வந்தது.

மறுபடி கத்தினாள். காற்று.

அடுப்படித் திரை விலகியது. ஈரக்கால். அவளுடைய புடவை. கண்ணும் மூக்கும் இன்னும் வராத வழுவழுத் தோல். அதில் அவளுடைய வாய் மட்டும்.

"ஒண்ணுமில்லக்கா" என்றது அந்த வாய். "நாற்காலி சாஞ்சிருச்சு."

ஆத்மநாதன் அதைப் பார்த்துத் தலையாட்டினான்.