தேனிலவுத் தீவில் இரண்டு அரை டிக்கெட்!

“ஐயோ... என் பிள்ளைங்களைக் காணோம்!”

காலை ஆறரை மணிக்கு அந்த அலறல் தீவையே உலுக்கியது.

தீவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். கடலுக்குள் கம்பங்கள் நட்டு, அவற்றின் மேல் இருபத்தெட்டு மரக் குடில்கள். இருபத்தேழில் புது ஜோடிகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழிக்கிறவர்கள். அவர்களுக்குக் கடல் என்பது ஒரு சாக்கு!

இருபத்தெட்டாவதில் மட்டும் ஒரு குடும்பம். அப்பா. ஆறு மாதத்துக்கு முன்னால் இரண்டாம் தாரமாக வந்த மனைவி. முதல் தாரத்தின் பிள்ளைகள் இருவர். சிட்டு, ஐந்து வயது. குண்டு, நான்கு வயது.

இப்போது சிட்டுவும் இல்லை. குண்டுவும் இல்லை!

விடுதி மேனேஜர் பாதி கட்டிய டையோடு மரப்பாலத்தில் ஓடி வந்தார்.

“என்ன சார் ஆச்சு?”

“அஞ்சு மணிக்கு ஓடப் போனேன் சார். இப்பதான் வந்தேன். ரெண்டு படுக்கையும் காலி... கடல் பக்கக் கதவு திறந்து கிடக்கு!”

மேனேஜர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

பெரிய கட்டிலில் ரோஜா இதழ்கள் வாடிக் கிடந்தன. பக்கத்து அறையில் இரண்டு சின்னக் கட்டில்கள். கீழே இரண்டு ஜோடி குட்டிச் செருப்புகள். அதைத் தாண்டி அகலத் திறந்த கதவு. கதவுக்கு வெளியே ஒரு மரத்தளம். தளத்திலிருந்து நேராகக் கடலுக்குள் இறங்கும் ஏணி.

கீழே தண்ணீர்... இரண்டு ஆள் ஆழம்!

ஏணி தொடங்குகிற இடத்தில், கைப்பிடியைப் பிடித்தபடி அவள் நின்றாள். பிள்ளைகளின் சித்தி.

அழவில்லை. அலறவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் கூட இல்லை!

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அம்மா... நீங்க எதுவும் பார்க்கலையா?”

“தூங்கிட்டேன்.”

அவ்வளவுதான் பதில்.

விடுதியின் நீச்சல்காரர்கள் இருவர் தண்ணீரில் குதித்தார்கள். நீரோட்டம் இழுக்கும் திசையில் தேடிக்கொண்டே போனார்கள். தேனிலவு ஜோடிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கைகோத்தபடி வேடிக்கை பார்த்தன.

மேனேஜர் போலீசுக்குப் போன் செய்தார்.

பத்தே நிமிடம்!

போலீஸ் படகு வந்து மோதியது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. வயிறு சட்டைப் பொத்தானோடு தினமும் சண்டை போடுகிற உடம்பு. பின்னாலேயே ஒல்லியாக ஏட்டு, கையில் நோட்டோடு.

“கரையிலேர்ந்து அரை மணி நேரம் ஆகுமே சார்... இவ்வளவு சீக்கிரம் எப்படி?” மேனேஜர் வியந்தார்.

“வேற வேலையா கிளம்பியிருந்தோம். பாதி வழியில உங்க போன் வந்துச்சு. பிள்ளைங்களோட அப்பா யாரு?”

“நான்தான் சார்...” அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினான்.

“உட்காருங்க. மனசைத் தேத்திக்கிட்டுச் சொல்லுங்க. ஏட்டய்யா, புகாரா எழுதிக்குங்க.”

அவன் சொன்னான். மூச்சு வாங்கிச் சொன்னான்.

“ஆறு மணிக்கெல்லாம் பசங்க எழுந்துடுவாங்க சார். மீன் பார்க்கணும்னு நேரா இந்தக் கதவுக்குத்தான் ஓடுவாங்க. நான் நல்லா சாத்திட்டுத்தான் போனேன். யாரோ திறந்திருக்காங்க...”

“யாரோன்னா?”

அவன் கண்கள் ஏணிப் பக்கம் போயின.

“எப்படிச் சார் என் வாயால சொல்றது? வந்த நாள்லேர்ந்தே அவளுக்கு என் பிள்ளைங்களைப் பிடிக்கலை. நான்தான் ஊர் ஊரா கூட்டிட்டுப் போனா ஒட்டிக்குவாங்கன்னு நினைச்சேன்...”

“சின்னப் பிள்ளைங்க ஏணியில ஏன் இறங்கணும்?”

“சிட்டுவுக்கு அவ பொம்மைன்னா உசுரு சார். மஞ்சள் கலர் முயல். அது தண்ணியில விழுந்திருக்கும். எடுக்கத்தான் இறங்கியிருப்பா. அக்கா போனா தம்பி பின்னாடியே போவான்...”

அவன் உடைந்து அழுதான். ஜோடிகளில் இரண்டு பெண்கள் கூடவே அழுதார்கள்.

“எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க ஏட்டய்யா.”

ஏட்டு படித்தார். பொம்மை, ஏணி, தம்பி... எல்லாம் வந்தது.

“சரிதானே சார்? கையெழுத்துப் போடுங்க.”

போட்டான்.

“மேனேஜர், இவங்க வந்தப்போ எழுதிக் குடுத்த ஃபாரத்தைக் கொண்டாங்க.”

மேனேஜர் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“சிட்டுவுக்கு ஏழு வயசுன்னு இருக்கு. பையனுக்கு ஆறாம்!”

“அஞ்சும் நாலும் சார்,” என்றது ஏணிப் பக்கத்துக் குரல். அவள்தான்!

“மேனேஜர், வயசுல என்ன இருக்கு இங்க?”

“ஆறு வயசுக்குள்ள பிள்ளை இருந்தா, கடல் பக்கக் கதவுல மேல ஒரு பூட்டு போட்டுடுவோம் சார். எங்க தச்சர் வந்து அரை மணியில மாட்டிட்டுப் போவார். இவங்களுக்குத் தேவையில்லைன்னு விட்டுட்டோம். பார்க்கச் சின்னதா இருக்காங்களேன்னு நானே கேட்டேன். ‘எங்க வம்சமே குள்ளம்’னு சார் சிரிச்சார்.”

இன்ஸ்பெக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். ஆறடி உயரம்!

“முப்பது வருஷமா அப்பன்களைப் பார்த்துட்டு இருக்கேன் சார். பஸ்ஸாகட்டும், சினிமாவாகட்டும்... எல்லாரும் பிள்ளையோட வயசைக் குறைச்சுத்தான் சொல்வாங்க. மீசை முளைச்சவனை மடியில உட்கார வெச்சுக்கிட்டு அரை டிக்கெட் கேட்பாங்க. வயசைக் கூட்டி எழுதி முழு டிக்கெட் வாங்கின அப்பாவை இன்னைக்குத்தான் பார்க்கறேன்!”

அவன் ஒரு கணம் தடுமாறினான். ஒரே கணம்தான்.

“கடல் ரூம் கிடைக்காதோன்னு பயந்துட்டேன் சார். பசங்க ஆசைப்பட்டாங்களேன்னு...”

“ரூம் கிடைக்கும், பூட்டு மட்டும் போடுவோம்னு போன்லயே ரெண்டு தடவை சொன்னேனே சார்,” என்றார் மேனேஜர்.

“பிள்ளைப் பாசம். காதுல விழுந்திருக்காது, விடுங்க.” இன்ஸ்பெக்டர் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்தார். ஏணியை நோக்கி நடந்தார்.

“ஏம்மா!”

அவள் நிமிர்ந்தாள்.

“ரெண்டு பிள்ளைங்க காணாம போயிருக்கு. கண்ணுல ஈரமே இல்லையே, ஏன்?”

அவள் கைப்பிடியை இன்னும் இறுகப் பற்றினாள்.

“வந்ததுலேர்ந்து பார்க்கறேன். இந்த இடத்தை விட்டு நகர மாட்டேங்கறியே. கீழ என்ன இருக்கு?”

“நீங்களே பாருங்க சார்.”

“திமிரைப் பார்த்தீங்களா சார்!” அவன் பாய்ந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் தள்ளாடினாள். கைப்பிடியை மட்டும் விடவில்லை.

ஏட்டு அவனை இழுத்து நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் நீச்சல்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். “தம்பி! தூரத்துல தேடினது போதும். இந்த ஏணிக்கு அடியில பாருங்க.”

ஒருவன் மூழ்கினான்.

குமிழிகள்...

பாலத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

தலை மேலே வந்தது. கையில் மஞ்சளாக ஏதோ... ஆனால் அதை மேலே தூக்க முடியாமல் இழுத்தான்.

“சார்! முயல் பொம்மை... இடுப்புல நைலான் நூல். கடைசிப் படியில கட்டியிருக்கு சார்!”

கூட்டத்தில் யாரோ வீல் என்றார்கள்.

தூண்டிலில் புழுவைக் கோத்த மாதிரி, ஒரு பிள்ளையின் கைக்கு எட்டியும் எட்டாமலும் கட்டி வைத்திருக்கிறார்கள்!

“பாவி!” அவன் தலையில் அடித்துக்கொண்டான். “இவதான் கட்டியிருக்கா சார்! அதனாலதான் இங்கேயே நிக்கறா! இவளைத் தூக்கில போடுங்க சார்!”

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

“ஏட்டய்யா... விலங்கை எடுங்க.”

ஏட்டு எடுத்தார். ஏணியை நோக்கி நடந்தார். அவள் அசையாமல் நின்றாள்.

ஏட்டு அவளைத் தாண்டினார்.

க்ளிக்!

விலங்கு விழுந்தது அவன் கையில்!

“யோவ்! பிள்ளைங்களைப் பறிகொடுத்தவன்யா நான்!”

“அப்படியா?”

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. ஒருமுறை... இருமுறை...

“அலோ... போலீஸ் மாமாவா?”

சின்னக் குரல். தெளிவான குரல். சிட்டு!

“ஆமா கண்ணு. தம்பி என்ன பண்றான்?”

“என் பன்னையும் சேர்த்துத் தின்னுட்டான் மாமா!”

பாலத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். மேனேஜர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து கல்லாக நின்றாளே, அந்தச் சித்தி... கைப்பிடியை விட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இன்ஸ்பெக்டர் அவர்களில் யாரையும் பார்க்கவில்லை. அவன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது வெளுத்துப் போயிருந்தது.

“ஒரு நிமிஷம் இரு கண்ணு.” போனை உள்ளங்கையால் மூடினார். “தொலைஞ்ச பிள்ளை கிடைச்சுதுன்னா அப்பன் சிரிப்பான், அழுவான், போனைப் பிடுங்குவான். பிள்ளை உயிரோட இருக்குன்னு கேட்டு முகம் செத்துப் போன அப்பன் நீ ஒருத்தன்தான்டா!”

“இது... இது ஏதோ சதி...”

“சதிதான். ஆனா உன்னோடது. நான் இங்க கிளம்பினது பிள்ளைங்களைத் தேட இல்ல. அதுங்க ஆறு மணிக்கே என் ஸ்டேஷன்ல இருந்துச்சு. நான் வந்தது உன்னைத் தேடி!”

“எப்படி சார்?” மேனேஜர் திணறினார்.

“உங்க அழுக்குத் துணிப் படகு எத்தனை மணிக்குக் கிளம்பும்?”

“அஞ்சரைக்கு. தினமும் போர்வை, துண்டெல்லாம் கரைக்குச் சலவைக்குப் போகும்.”

“இன்னைக்கு ரெண்டு உருப்படி அதிகம். உங்க ரூம் சுத்தம் பண்ற அம்மா தள்ளுவண்டியில போர்வையைப் போட்டு மூடித் தள்ளிட்டு வந்துட்டாங்க. மீதியை நீ சொல்லும்மா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நேத்து சாயங்காலம் சிட்டு பொம்மையைக் காணோம்னு அழுதா சார். இவரும் கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிஞ்சு தேடினார், விடுதி ஆளுங்களையும் தேட விட்டார். தலைவலி மாத்திரை எடுக்க இவர் பையைத் திறந்தேன்... பொம்மை உள்ள இருந்துச்சு. நூல் கட்டி! ஒண்ணும் புரியலை. பிள்ளையைத் தூங்க வைக்கறப்போ அவளே சொன்னா. போன வருஷம் அவங்க அம்மா இதே மாதிரி ஒரு தீவுலதான் மூழ்கிப் போனாங்க. ‘அம்மா எழுந்திருக்கப் பார்த்தாங்க சித்தி, அப்பா தலையை அமுக்கிட்டே இருந்தாரு’ன்னா...”

மேனேஜர் மெல்ல எழுந்து நின்றார்.

“என்கிட்ட மட்டுமில்ல சார். ஸ்கூல் டீச்சர்கிட்டயும் சொல்ல ஆரம்பிச்சிருக்கா. டீச்சர் இவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. அடுத்த வாரமே இந்த டூர்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?” என்றார் மேனேஜர்.

“யார் நம்புவாங்க? நான் சித்தியாச்சே!”

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

“காலையில அஞ்சு மணிக்கு இவன் ஏணியில இறங்கிக் கட்டறதைப் பார்த்தேன். கதவைத் திறந்து வெச்சுட்டு ஓடப் போனான். ரூம் சுத்தம் பண்ற அம்மா காலைப் பிடிச்சுக் கெஞ்சி, பிள்ளைங்களை வண்டியில ஏத்தி அனுப்பினேன். அதுல ரெண்டு பேருக்குத்தான் இடம். நானும் காணோம்னா இவன் விசைப்படகுல துரத்திப் பிடிச்சுடுவான். அதான் நான் இங்கயே இருந்துட்டேன். இவன் வந்து பொம்மையை அவிழ்க்காம பார்த்துக்கிட்டேன்.” குரல் உடைந்தது. “படகு கரை சேர்ந்துச்சா இல்லையான்னே தெரியாம நின்னுட்டு இருந்தேன் சார்...”

அவள் வாய் ‘இவர்’ என்பதிலிருந்து ‘இவன்’ என்பதற்கு மாறியதை இன்ஸ்பெக்டர் கவனித்தார்.

“எல்லாம் பொய்!” அவன் கத்தினான். “இவதான் கட்டினா! ஆதாரம் என்ன இருக்கு?”

“நீ போட்ட கையெழுத்து இருக்கு. நேத்து சாயங்காலம் பொம்மையைக் காணோம்னு விடுதி ஆளுங்க எல்லாரையும் தேட விட்ட. ஒருத்தர் கண்ணுலயும் படலை. ஆனா அது தண்ணிக்குள்ள இருக்குன்னு, நீச்சல்காரன் மூழ்கறதுக்கு முன்னாடியே புகார்ல எழுதிக் குடுத்திருக்க. உனக்கு யாரு சொன்னா? முயலா?”

அவன் விலங்கை வெறுமனே இழுத்துப் பார்த்தான்.

“பொண்ணு சாட்சி சொல்லிடுவான்னு பயந்த. சரி. அந்த நாலு வயசுப் பையன் என்னடா பண்ணான்?”

அதற்கும் அவனிடம் பதில் இல்லை. இல்லாமல் போனதே நல்லது. இருந்திருந்தால் இன்ஸ்பெக்டர் கை நீட்டியிருப்பார்.

“படகுல ஏத்துங்க. போன வருஷத்துக் கேஸையும் தோண்டி எடுக்கணும்.”

ஏட்டு அவனைத் தள்ளிக்கொண்டு போனார். ஜோடிகள் வழிவிட்டு ஒதுங்கின. கைகோத்திருந்த ஒரு புது மனைவி மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் போனை அவளிடம் நீட்டினார். “பேசும்மா.”

“சிட்டு... சித்திடா. பயந்துட்டியா கண்ணு?”

“இல்ல சித்தி. தம்பிதான் போர்வைக்குள்ள தும்மிட்டான். நீ எப்ப வருவ?”

“இதோ வந்துட்டே இருக்கேன். வந்ததும் நேரா வீட்டுக்குப் போயிடலாம்.”

“வீட்டுக்கு வேணாம் சித்தி...” குரல் சட்டென்று சின்னதாகியது. “அங்க அப்பா வருவாரு. இங்கயே இருக்கலாம். இங்க தண்ணியே இல்ல.”

போன் இன்ஸ்பெக்டரிடம் திரும்பி வந்தது. அவர் கடலைப் பார்த்தார்.

ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டபடி படகில் நின்ற ஏட்டு கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு, கைதியின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“முப்பது வருஷ சர்வீஸ்ல நம்ம ஸ்டேஷனை விட்டுப் போக மாட்டேன்னு அடம்பிடிக்கற முதல் ஆளு சிட்டுதான் சார்... வேணும்னா இவன் அங்க இருக்க ஆசைப்படறானான்னு கேட்டுப் பாருங்களேன்!”